என் சைக்கிளைத் தலையில் சுமந்தவர்

போன வருடம் மே மாதம், குன்னூரில் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஊருக்குக் கீழே இருக்கும் ஒரு டீ எஸ்டேட்டின் சரளைக்கல் ரோட்டில் நடந்தது இது. இன்றைக்கும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. வீட்டில் எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். அதனால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

முதலில் நான் சைக்கிளுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் குன்னூர் பஜாரில் ஒரு பேக்கரி இருக்கிறது. என் தம்பி பிரான்ஸில் வேலை பார்க்கிறான். லீவு நாள் வந்தால் போதும், அங்கிருந்து வீடியோ அனுப்பிவிடுவான். கோதுமை வயல்களுக்கு நடுவிலும் ஆற்றங்கரையிலும் போகிற சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போவான். ஒரு கார் கிடையாது, ஒரு ஹாரன் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் கல் நெரிபடுகிற சத்தமும் இவன் மூச்சு வாங்குகிற சத்தமும்தான் கேட்கும். நான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, வாசலில் டூரிஸ்ட் வண்டிகள் ஒன்றையொன்று திட்டிக்கொள்வது மாதிரி ஹாரன் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே அதைப் பார்ப்பேன். வயிறு எரியும்.

"நம்ம ஊர்ல இப்படியெல்லாம் எங்கடா ஓட்டறது?" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். லீவில் வந்தவன் கோயம்புத்தூரில் இருந்து அதே மாதிரி ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்திவிட்டான். ஹேண்டில் கிடாய்க் கொம்பு மாதிரி கீழே வளைந்திருந்தது. டயர் நல்ல தடிமன். பச்சை நிறம், எடையோ ஒரு கையில் தூக்கிவிடலாம்.

நானோ நாற்பது தாண்டியவள், சிறு வயதில் வாடகைச் சைக்கிள் ஓட்டியதோடு சரி. வீட்டுக்காரர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சீசன்ல இதை எடுத்துட்டு மெயின் ரோட்டுக்குப் போனீன்னா பஸ்ஸுக்கும் பள்ளத்துக்கும் நடுவுலதான் ஓட்டோணும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

வழி காட்டியவள் எதிர் வீட்டுத் தோழி. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோத்தகிரிப் பக்கம் ஒரு படுகர் ஊரில் பிறந்து வளர்ந்தவள், சைக்கிள் அவளுக்கு விளையாட்டு.

"மெயின் ரோடு எதுக்குக்கா? எஸ்டேட்டுக்குள்ள போய்ப் பாருங்க. இலை ஏத்தற டிராக்டரைத் தவிர ஒண்ணும் வராது" என்றாள்.

அந்த எஸ்டேட் மேனேஜரிடம் அவளே பேசி அனுமதி வாங்கினாள். காலையில் மட்டும் வரலாம், வேலைக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது, காட்டு மாடு கண்ணில் பட்டால் அப்படியே திரும்பிவிட வேண்டும். அவர் போட்ட நிபந்தனை அவ்வளவுதான்.

ஐயோ, அந்த ரோடுகளை எப்படிச் சொல்வேன்! எஸ்டேட் கேட்டைத் தாண்டி முதல் வளைவு திரும்பியதும் பஜார் இரைச்சல் கதவைச் சாத்தியது மாதிரி நின்றுவிடும். இரண்டு பக்கமும் இடுப்பளவு தேயிலை. நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். மழை பெய்து ஊறிய செம்மண்ணில் பதிந்த சரளைக்கல் சக்கரத்துக்கு அடியில் சரசரவென்று பேசும். மேட்டில் மிதிக்கும்போது நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கும். அடுத்த திருப்பத்தில் இறக்கம் வரும், பச்சை வாசனையோடு காற்று முகத்தில் அறையும். நான் வாய்விட்டுக் கத்துவேன். முதல் நாள் அப்படிக் கத்தியதைக் கேட்டுத் தோழி நான் விழுந்துவிட்டேன் என்று பயந்து திரும்பி வந்தாள். பிறகு அவளும் சேர்ந்து கத்தப் பழகிக்கொண்டாள். தம்பிக்குப் பதில் வீடியோ அனுப்ப ஆரம்பித்தேன். இப்போது அவனுக்கு வயிறு எரிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெரிய சுற்று ஒன்று போவதாக ஏற்பாடு. மேல் பகுதியில் நுழைந்து, எஸ்டேட்டை ஒரு வட்டமடித்து, இலை எடை போடுகிற கொட்டகை வழியாகத் திரும்பி வர வேண்டும். மெயின் ரோட்டை எங்கேயும் தொடாத வழி. முதுகுப் பையில் தண்ணீரும் எங்கள் கடை வர்க்கி பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆனால் முந்தின நாள் நல்ல மழை. பாதி வழியில், கீழே மேட்டுப்பாளையம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்து மேகம் ஏறி வர ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து என் சைக்கிள் செயின் கழன்றது. தோழி முன்னால் ஒரு வளைவைத் தாண்டிப் போய்விட்டாள். கூப்பிட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை. குனிந்து, கையெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கொண்டு, செயினை மாட்டி நிமிர்ந்து பார்த்தால் உலகத்தைக் காணவில்லை. எதிரில் இருந்த மரத்தைக்கூடக் காணோம். போனில் டவர் இல்லை.

மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று சமமாகப் போனது, ஒன்று இறங்கியது. தோழிக்கு இறக்கம் என்றால் உயிர், இதில்தான் போயிருப்பாள் என்று நானாக முடிவு பண்ணிக்கொண்டு இறங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது பயமே இல்லை. வெள்ளைக்குள் மிதப்பது மாதிரி ஒரு குதூகலம். கண்ணிமையில் எல்லாம் நீர்த்துளி. பிரேக்கை லேசாகப் பிடித்தபடி உருண்டுகொண்டிருந்தேன்.

"ஏய் தம்பி! சைக்கிளு! நில்லு! அப்படியே நில்லு!"

மேலே தேயிலைக்குள் இருந்து ஒரு பெண் குரல். நான் பிரேக்கை இறுக்கிப் பிடித்த பிடியில் பின்சக்கரம் சறுக்கிப் பாதி திரும்பி நின்றது. குரல் வந்த பக்கம் பார்த்தேன். வெறும் வெள்ளை.

"சத்தம் போடாத. முன்னால மாடு நிக்கிது. காட்டு மாடு. கன்னும் கூட இருக்கு."

காட்டு மாடு என்றால் என்ன என்று மலையில் இருக்கிற எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வேனுக்குச் சமமான உடம்பு. கன்றோடு இருக்கிற தாயென்றால் மனிதரைக் கண்டதும் பாய்ந்துவிடும். எனக்கு முதலில் காது அடைத்தது. அப்புறம்தான் எனக்கு முன்னால் எங்கேயோ தோல் பையில் இருந்து காற்று விடுகிற மாதிரி புஸ்ஸென்று மூச்சு கேட்டது.

"நான்... நான் தம்பி இல்லீங்க" என்றேன். அந்த நேரத்தில் அதை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. குரல் அழுகிற மாதிரி வந்தது.

உடனே, "அடி ஆத்தி, பொம்பளப் புள்ளடி!" என்றது அந்தக் குரல். பனிக்குள் வேறு வேறு திசைகளில் இருந்து அடக்கின சிரிப்புகள் கேட்டன. அப்போதுதான் புரிந்தது, அந்தச் சரிவு முழுக்கக் கொழுந்து பறிக்கிற பெண்கள் இருக்கிறார்கள் என்று. மாடு வந்ததும் ஆளுக்கொரு மேட்டில் ஏறி நின்றுகொண்டு, பனி விலகுகிற போதெல்லாம் அது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இந்தா புள்ள, பின்னாலயே வா. இடப்பக்கம் கால்தடம் ஒண்ணு மேல ஏறும் பாரு. அதுல ஏறி வா."

பின்னால் நகர்ந்தேன். சைக்கிளைத் திருப்பி உருட்டியதும் பின்சக்கரம் டிக் டிக் டிக் என்று சத்தம் போட்டது. அந்தச் சைக்கிளில் எனக்கு மிகவும் பிடித்த சத்தமே அதுதான். மாடு இருந்த பக்கம் குளம்பு ஒன்று கல்லில் உரசியது.

"அது என்னா சத்தம்? நிறுத்து! சைக்கிளைப் போட்டுட்டு வா!"

நான் போடவில்லை. பைத்தியக்காரத்தனம்தான். தம்பி வாங்கிக் கொடுத்ததை மாட்டின் காலடியில் போட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு அந்தக் கால்தடத்தில் ஏறினேன். ஷூ வழுக்கியது. தேயிலைக் கிளைகள் பெடலைப் பிடித்து இழுத்தன.

"வந்துட்டாங்க. நீ பாத்துக்க" என்று முதல் குரல் யாரிடமோ சொன்னது. உடனே வலது பக்கத்தில் இருந்து ஓர் இளம் குரல். "இதர் வா தீதி, இதர்! சீதா வா!" வடக்கே இருந்து வேலைக்கு வந்திருக்கிற பெண், இந்தப் பக்கம் நேராக வா அக்கா என்கிறாள். அவள் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். "ருக்கோ, நில்லு" என்றாள், நின்றேன். "அக்கா, ஆ கயீ, வந்தாச்சு!" என்று அவள் கத்த, மூன்றாவது குரல் என்னை வாங்கிக்கொண்டது. இப்படிக் கைமாற்றிக் கைமாற்றி, முகமே தெரியாத பெண்கள் என்னை அந்தச் சரிவில் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு அடித்துக்கொண்டாலும், சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இத்தனை பேர் எனக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்களே!

நான் இறங்கி வந்த அதே ரோடு வளைந்து மேலே ஓர் இடத்தில் குறுக்கே வந்தது. அதைத் தாண்டிவிட்டால் கொட்டகைக்கு ஏறிவிடலாம். "சீக்கிரம் தாண்டுங்க, சீக்கிரம்" என்றது மூன்றாவது குரல். ரோட்டில் கால் வைத்தேன். பனி திரை விலகுகிற மாதிரி விலகியது.

மாடும் மேலே ஏறி வந்திருந்தது. எங்கள் கடை வாசலுக்கும் எதிர்க் கடை வாசலுக்கும் இருக்கிற தூரம்தான். கறுப்பு மலை மாதிரி உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. முதுகில் இருந்து ஆவி பறந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே பழுப்பு நிறக் கன்று. மாடு தலையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தது. தோளில் சைக்கிளோடு நடு ரோட்டில் நின்றுவிட்டேன்.

"சைக்கிளை விடு! ஓடியா!" என்று எல்லாப் பக்கமும் குரல்கள். என் விரல்கள் பிரியவில்லை. பிடிவாதம் ஒன்றும் இல்லை, உடம்பு விறைத்துப்போயிருந்தது.

அப்போது மேலே தேயிலையைப் பிளந்துகொண்டு ஓர் உருவம் ரோட்டில் குதித்தது. ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் மஞ்சள் பிளாஸ்டிக் தாள் சுற்றி, மழைக்கும் பனிக்கும் மூடிக்கொள்கிற துணிக் கொங்காணியைத் தலையில் போட்டிருந்தார். மாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே என்னிடம் வந்து, என் தோளில் இருந்து சைக்கிளைப் பிடுங்கி, இலை மூட்டையை ஏற்றுவது மாதிரி ஒரே வீச்சில் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"உசுரு பெருசா, சைக்கிளு பெருசா? நட!"

மாடு இரண்டு எட்டு பாய்ந்தது. தரை அதிர்ந்ததை ஷூவுக்குள் உணர்ந்தேன். அதே நொடியில் பனிக்குள் இருந்து பெரும் இரைச்சல் கிளம்பியது. கொழுந்து வெட்டுகிற கத்தரிகளின் தகடுகளையும் சாப்பாட்டுத் தூக்குகளையும் அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் தட்டி, ஓவென்று கத்தினார்கள். சத்தம் ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் வந்திருந்தால் மாடு அந்தப் பக்கம் பாய்ந்திருக்கும். மலையே கத்துகிற மாதிரி இருந்ததால் அது குழம்பி நின்றது. அப்படியே கன்றை ஒட்டிக்கொண்டு திரும்பி, சரிவில் தேயிலையை மிதித்துக்கொண்டு கீழே இறங்கியது. கிளைகள் முறிகிற சத்தம் தேய்ந்து தேய்ந்து பள்ளத்துக்குள் போய் மறைந்தது.

நாங்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் மஞ்சள் தாள், அதற்கு மேலே என் பச்சைச் சைக்கிள், தேயிலைக்கு மேல் மிதந்து போகிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் திரும்பிப் பார்த்து, "என்னா, பேய் கீய் புடிச்சிருச்சா?" என்றார். அதற்கும் சிரித்தேன்.

தோழி ஞாபகம் வந்தது. "என்கூட இன்னொருத்தி வந்தாளுங்க" என்றேன். அவள் சமமாகப் போன பாதையில் போய்க் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறாளாம். "அக்கா பத்திரமா இருக்காங்கன்னு சொல்லு" என்று இவர் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். அந்தச் செய்தி ஒருவர் வாயில் இருந்து இன்னொருவர் வாய்க்குப் போய்க்கொண்டே இருப்பது கேட்டது. சற்று நேரத்தில் தோழி முதலுதவிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகம் வெளுத்துப்போய் ஓடி வந்தாள். 'பத்திரமா இருக்காங்க' என்பது போய்ச் சேர்கிறபோது 'படுத்திருக்காங்க' என்று ஆகிவிட்டதாம். நான் நிற்பதைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து அழுதாள். அப்புறம் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

கொட்டகையில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அப்போதுதான் குரல்களுக்கு முகம் கிடைத்தது. முதலில் கத்தியவர் ஒல்லியான உடம்பும் பாட்டுக்காரக் குரலும் உள்ளவர். "தெரியாம நீ வா போன்னு கூப்புட்டுட்டேங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். என்னை உயிரோடு மீட்டவர் மன்னிப்புக் கேட்கிறார்! வடக்கத்திப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. என் தலைக்கவசத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சிரித்தாள். தூக்கில் கொண்டுவந்திருந்த சாயத்தண்ணியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். பால் இல்லாத டீயை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் வர்க்கியைப் பிரித்தேன். பாதி நொறுங்கிப்போயிருந்தது. அவர்கள் தூளைக்கூட விடவில்லை.

மஞ்சள் தாள் கட்டியவரிடம் கேட்டேன். "நான் யாருன்னே உங்களுக்குத் தெரியாது. அந்த மாட்டுக்கு முன்னால எப்படிங்க இறங்கி வந்தீங்க?"

அவர் டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "நீங்கதான் சைக்கிளை விட மாட்டேன்னு நின்னீங்களே. பின்ன வேற என்னா பண்றது?" என்றார்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

பிறகு அவர் சைக்கிள் பக்கம் போனார். சீட்டைத் தடவினார். ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்தார். "என்னாங்க கொம்பு வச்சிருக்கு" என்றார். பக்கத்தில் நின்றவர் போட்டுக் கொடுத்தார். "இவ லயத்து வீட்டுல மவன் சைக்கிளை அவன் இல்லாதப்ப எடுத்து ஓட்டுவாங்க. ஒரு நாளு மாட்டிக்கிட்டா."

"ஓட்டிப் பாருங்க" என்றேன்.

"ஐய, வேணாம்" என்று சொல்லிக்கொண்டே சேலையைத் தூக்கிச் செருகினார். என் தலைக்கவசத்தை அவர் தலையில் மாட்டி, பட்டையைப் போட்டுவிட்டேன். கொட்டகைக்கு முன்னால் டிராக்டர் திரும்புகிற சரளைக் களம். முதல் சுற்றில் சைக்கிள் பாம்பு மாதிரி நெளிந்தது. இரண்டாவது சுற்றில் நிமிர்ந்துவிட்டது. மூன்றாவதில் களத்தைவிட்டு இறங்கி, ரோட்டின் சரிவில் போய்விட்டார்! "பிரேக்கு! கொம்புலயே இருக்குங்க பிரேக்கு!" என்று கத்திக்கொண்டு நான் ஓட, தோழி ஓட, கூட்டமே பின்னால் ஓடியது. பனிக்குள் மஞ்சள் தாள் படபடத்துக்கொண்டு மறைந்தது. அப்புறம் வளைவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு கூவல் கேட்டது. நானும் தோழியும் இறக்கத்தில் கத்துவோமே, அதே கூவல்.

மூச்சிரைக்க மிதித்துக்கொண்டு திரும்பி வந்தார். முகமெல்லாம் ஈரம். "காத்து மாதிரி போகுதுங்க!" என்றார். வடக்கத்திப் பெண் அடுத்தது நான் என்று ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். மேற்பார்வைக்காரர் வந்து விசில் ஊதும் வரை அந்தச் சைக்கிள் கை மாறிக்கொண்டே இருந்தது. ஊதியவரும் கொஞ்சம் தாமதமாகத்தான் ஊதினார் என்று எனக்குச் சந்தேகம்.

இப்போதும் நாங்கள் அந்த ரோடுகளில் போகிறோம். மேகம் ஏறினால் அங்கேயே நின்றுவிடுகிறோம், இருவரும் பிரிவதில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், "சைக்கிள் வருதுங்கோ!" என்று நான் குரல் கொடுப்பேன். தேயிலைக்குள் எங்கிருந்தோ, "வாங்க வாங்க, ஒண்ணும் இல்ல!" என்று பதில் வரும்.

அன்றைக்கு அந்த மஞ்சள் தாள் கட்டியவருக்கு என்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பனிக்குள் கேட்ட, பயந்துபோன ஒரு குரல் மட்டும்தான். அந்தக் குரலுக்காக ஒருவர் காட்டு மாட்டுக்கு முன்னால் இறங்கி வந்தார் என்று நினைக்கும்போதெல்லாம், எந்த மேட்டிலும் என் காலுக்கு இன்னும் நாலு மிதி மிதிக்கிற பலம் வந்துவிடுகிறது.